அறுக்காமலே அறியலாம், குட்டியின் கறியும் கொழுப்பும்

வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குக் குட்டி ஓட்டிச் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதே. வியாபாரி வருகிறார். குட்டியின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறார். பிறகு, "எந்த ஊர், மழை உண்டா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, விலா எலும்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குகிறார். இரண்டே நொடி. அதன் பிறகுதான் விலை சொல்கிறார். நாமோ குட்டியின் உயரத்தையும் வயிற்றையும் பார்த்து, "இருபது கிலோ தாராளமாகத் தேறும்" என்கிறோம். அவர் கை தொட்டறிந்ததை நாம் தொட்டறியவில்லை. பேரத்தில் நாம் இழப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நொடியில்தான்.

அந்தக் கை அறிந்தது என்ன, அதையே மில்லிமீட்டர் கணக்கில் காட்டும் மீயொலிக் கருவி எப்படி வேலை செய்கிறது, சிறு விவசாயிக்கு அதனால் என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். நான் உழவியல் பாடம் நடத்துபவன். ஆடு என் பாடம் அல்ல. ஆனால் ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் வயலையும் ஆட்டையும் பிரித்துப் பேச முடியாது. மேற்கே செம்மண் மேட்டில் முந்திரித் தோப்பும் மானாவாரிக் கடலையும். கிழக்கே வீராணம் பாசனத்தில் சம்பா நெல். மழைக்காலத்தில் மேட்டில் மேயும் மந்தை, தை மாசியில் அறுவடை முடிந்த தாளடிக்கு இறங்கிக் கிடை போடுகிறது. நெல்லுக்கு எருவும் குடும்பத்துக்குக் கைக்காசும் ஒரே பட்டியிலிருந்து வருகின்றன. அந்தக் கைக்காசில் ஒரு பகுதி தெரியாமலே கைநழுவுகிறது என்றால் அதை உழவியல்காரனும் கவனிக்கத்தான் வேண்டும்.

தராசு சொல்லாத செய்தி

இப்போது பலர் சிறு தொங்கு தராசு வாங்கி வைத்துள்ளனர். நல்லதே. ஆனால் தராசு காட்டுவது உயிர் எடையை. அதில் தோல், எலும்பு, குடல், குடலிலுள்ள தீனி, குடித்த தண்ணீர் எல்லாம் அடக்கம். அசைபோடும் பிராணிகளில் வயிற்றிலுள்ள தீனியும் நீரும் மட்டும் உயிர் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். நம் செம்மறிகளை அறுத்தால் உயிர் எடையில் நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு வரைதான் உரித்த உடலாகக் கிடைக்கிறது. அந்த உரித்த உடலிலும் கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

கணக்குக்காக இரண்டு குட்டிகளை எடுத்துக்கொள்வோம். மாலையில் மேய்ந்து தண்ணீர் குடித்து வந்தபோது ஒன்று 20 கிலோ, மற்றொன்று 19 கிலோ. இரவு முழுவதும் தீனியின்றிக் கட்டி வைத்து விடியற்காலை நிறுத்தால் முன்னது 17½ கிலோ, பின்னது 17¾ கிலோ. எது பெரிய குட்டி? மாலையில் பார்த்தவர் ஒன்றைச் சொல்வார், காலையில் பார்த்தவர் மற்றொன்றைச் சொல்வார். முதுகில் கைவைத்துப் பார்த்த வியாபாரியோ இருவேளையும் ஒரே விடைதான் சொல்வார். ஏனெனில் முதுகுத் தசை ஒரு வேளைத் தீனியில் ஏறுவதுமில்லை, ஓர் இரவுப் பட்டினியில் இறங்குவதுமில்லை.

குட்டியின் உடல் வளர்வதில் ஒரு வரிசை உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ஹாம்மண்டு 1932-ல் செம்மறிகளின் வளர்ச்சி பற்றி வெளியிட்ட நூல் இதை விளக்கமாகக் காட்டியது. முதலில் மூளையும் நரம்பும், அடுத்து எலும்பு, அதன்பின் தசை, கடைசியில் கொழுப்பு. கால் நீண்டு உயர்ந்து நிற்கும் மூன்று மாதக் குட்டி, எலும்பு முந்திக்கொண்ட குட்டி. தசை நிரம்ப இன்னும் நாளாகும். தசை நிரம்பியபின் தின்பதெல்லாம் கொழுப்பாகச் சேரத் தொடங்கும். கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்; கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. ஆகவே ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியுள்ள எரிசக்தி ஒரு கிலோ கறியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. தீனிச் செலவு அதே ஐந்து மடங்கு ஏறும் என்று கூற முடியாது. தசை சேர்ப்பதற்கும் உடலுக்கு வேறு வகைச் செலவு உண்டு. என்றாலும், கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் விலைக்கு வாங்கிப் போட்டு, வாங்குபவர் விரும்பாத கொழுப்பை வளர்ப்பது நஷ்ட வியாபாரம். நிறுத்த வேண்டிய நாள் எது என்பதைத் தராசு சொல்லாது. எடை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கிணற்றில் கூவுவது போல

உயிருள்ள பிராணியின் கொழுப்பை அளக்கும் முயற்சி பன்றியில் முந்தியே நடந்தது. 1952-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹேசல், கிளைன் என்ற இருவர், பன்றியின் முதுகுத் தோலில் சிறு கீறல் இட்டு மெல்லிய உலோக அளவுகோலை உள்ளே செலுத்தினர். கொழுப்பில் எளிதாக இறங்கும் கோல், தசையைத் தொட்டதும் தடைபடும். அந்த ஆழமே கொழுப்பின் கனம். முரட்டு முறைதான்; ஆனால் அறுத்தபின் அளந்ததோடு நன்றாக ஒத்துப்போயிற்று. அதே பத்தாண்டுகளில் கீறலுக்குப் பதிலாக ஒலியைப் பயன்படுத்தும் முறை வந்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் கடைகளில் ஜாடி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பீர்கள். முழு ஜாடி கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது சொத்தென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத உள் நிலையை ஒலி கொண்டுவந்து கொடுக்கிறது. கிணற்றில் குனிந்து கூவினால் எதிரொலி திரும்புவதும் இதே வகை. ஆழ்கிணற்றில் எதிரொலி சற்றுத் தாமதித்து வரும். தாமதத்தை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். இக்கருவி நொடிக்கு 35 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுள்ள ஒலியை அனுப்புகிறது. கையில் பிடிக்கும் முனையில் ஒருவகைப் படிகம் உள்ளது. மின்சாரம் பட்டால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும்; திரும்பி வரும் ஒலி பட்டால் மின்சாரம் எழுப்பும். வாயும் அதுவே, காதும் அதுவே. உடலுக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்கிறது. கொழுப்பில் சற்று மெதுவாகவும் தசையில் சற்று வேகமாகவும் செல்லும். தோல் முடிந்து கொழுப்பு தொடங்கும் இடம், கொழுப்பு முடிந்து தசை தொடங்கும் இடம், தசை முடிந்து எலும்பு தொடங்கும் இடம் என ஒவ்வொரு எல்லையிலும் ஒலியின் ஒரு பகுதி திரும்புகிறது. 2 செ.மீ. ஆழத்திலிருந்து ஒலி போய்வர, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 26 கூறுதான் ஆகும். அந்த நேரத்தை அளந்து, எல்லைகளைத் திரையில் வெண்கோடுகளாக வரைந்து காட்டுகிறது கருவி. மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேனும் இதுவே. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை; குட்டிக்கு வலியும் இல்லை.

அளக்கும் முறை

செம்மறிக்கு ஒரு பக்கத்துக்கு 13 விலா எலும்புகள். கடைசி விலாவுக்கும் அதற்கு முந்தியதற்கும் இடைப்பட்ட இடமே உலகில் பெரும்பாலும் அளக்கப்படும் இடம். முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறுபோல் ஓடும் நீண்ட தசை அங்கே நன்கு உருண்டு நிற்கிறது. கறிக்கடையில் சாப்ஸ் வெட்டும்போது எலும்போடு வட்டமாகத் தெரியும் கறி இதுதான். அதன் ஆழமும், அதன்மேல் படிந்த கொழுப்பின் கனமும் தெரிந்தால், முழு உடலில் கறியும் கொழுப்பும் எந்த அளவில் உள்ளன என்பதை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் 12-வது விலாவின்மேல், முதுகின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் அளந்தால்தான் ஒரு பண்ணைக் கிடாவை மற்றொரு பண்ணைக் கிடாவோடு ஒப்பிட முடியும்.

குட்டியை நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். உடல் வளைந்தாலோ முதுகை நெளித்தாலோ தசை ஒரு பக்கம் திரண்டு தவறான அளவு வரும். விலா எலும்புகளைக் கடைசியிலிருந்து எண்ணி இடத்தைக் குறிக்க வேண்டும். காற்று ஒலிக்குப் பெரும் தடை. ஆகவே மயிரைக் கத்தரித்து, கூழோ சமையல் எண்ணெயோ தடவியபின் முனையை வைக்கிறார்கள். சென்னைச் சிவப்பு இனத்தில் மயிர் குட்டையாதலால் இது எளிது. திருச்சிக் கருப்பில் சொரசொரப்பான நீண்ட மயிரை ஒட்டக் கத்தரித்தால்தான் படம் தெளியும்.

முனையை அழுத்தக் கூடாது. புதிதாகக் கற்பவர் எல்லோரும் செய்யும் பிழை இதுவே. படம் மங்கலாக இருந்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் கொழுப்பு நசுங்கிக் கனம் குறைந்து தெரியும். நானும் முதன்முறை பிடித்தபோது, ஒரே குட்டியில் அடுத்தடுத்து மூன்று தடவை அளந்து மூன்று விதமாக எழுதினேன். அருகிலிருந்த கால்நடை மருத்துவ நண்பர் சிரித்துவிட்டு, "முட்டையைப் பிடிப்பது போலப் பிடியுங்கள்" என்றார். தசையின் ஆழத்தில் அரை மில்லிமீட்டர் பிழை பெரிதல்ல. கொழுப்பின் கனமே ஓரிரு மில்லிமீட்டர் எனும்போது அரை மில்லிமீட்டர் என்பது கால் பங்கு, அரைப் பங்குப் பிழையாகிவிடும்.

நம் இனங்களில் ஒரு வேறுபாடு

வெளிநாட்டுக் கம்பளி ஆடுகளில் தோலுக்கடியில் கொழுப்பு கனமாகப் படியும். அங்கே இக்கருவியின் முதல் வேலை, கொழுப்பு மிகுந்த கிடாக்களை ஒதுக்குவது. நம் சென்னைச் சிவப்பு, மேச்சேரி போன்ற மயிரின ஆடுகள் வெப்ப நாட்டில் வளர்ந்தவை. இவை தோலுக்கடியில் குறைவாகவும், சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலைப் போர்த்தும் அதிகமாகவும் கொழுப்பைச் சேர்க்கின்றன. கறிக்கடையில் வயிற்றைப் பிளந்ததும் வெள்ளையாகச் சரியும் கொழுப்பு அதுவே. முதுகின்மேல் வைத்த கருவிக்கு அது தெரியாது. எனவே, "முதுகில் கொழுப்பு ஒரு மில்லிமீட்டர்தான், ஆகையால் குட்டி கொழுக்கவில்லை" என்று முடிவு கட்டுவது நம் ஆடுகளில் பிழையாகும். நமக்குப் பயன்படுவது பெரும்பாலும் தசையின் ஆழமே. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே கொண்டுவந்து நம் குட்டிக்கு மதிப்பெண் போடுவதும் பொருந்தாது.

மற்றொன்று. காயடித்த கிடா, காயடிக்காததைவிட விரைவில் கொழுப்புச் சேர்க்கும். ஒரே பட்டியில் இரண்டும் இருந்தால் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒற்றைக் குட்டியையும் இரட்டைக் குட்டியையும் ஒப்பிடும்போதும் இதை நினைவிற்கொள்க. இரட்டைக் குட்டி தாய்ப்பாலைப் பங்கிட்டுக் குடித்தது. அது பின்தங்கியிருப்பது பரம்பரைக் குறை அல்ல.

நல்ல கிடா எங்கே போகிறது?

இருபது பெட்டை ஆடுகள் உள்ள ஒரு பட்டியை நினைத்துப் பாருங்கள். தையில் பிறந்த கிடாக்குட்டிகள் எட்டு. ஆடியில் அவற்றுக்கு ஆறு மாதம். பக்ரீத் வருகிறது, அல்லது கோயில் திருவிழா வருகிறது. வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறார். எட்டில் எதை எடுப்பார்? முதுகு நிரம்பிய முதல் இரண்டை. பணமுடை நமக்கு, நல்ல விலை என்று கொடுத்துவிடுகிறோம். தீபாவளிக்கு அடுத்த மூன்று. கடைசியில் விலை போகாமல் நின்ற குட்டி ஒன்று பட்டியிலேயே பெரிதாகி, அடுத்த ஆண்டு இருபது பெட்டைக்கும் அதுவே பொலிகிடா ஆகிறது. விதைநெல்லுக்கு நல்ல கதிரைப் பொறுக்கி வைக்கும் நாம், ஆட்டில் மட்டும் நல்லதை விற்றுப் பதரை விதைக்கிறோம். ஒரு கிடாவின் இரத்தம் அந்த ஆண்டுக் குட்டிகள் அத்தனையிலும் பாதி. பெட்டை தரும் பாதி ஒரு குட்டிக்கு மட்டுமே. கிடா தரும் பாதி இருபது குட்டிக்கும்.

கருவியின் உண்மையான பயன் இங்கேதான். முதுகுத் தசையின் ஆழம் மிதமான அளவுக்குப் பரம்பரையாக இறங்கும் குணம். கறியின் அளவை அறிய முன்பெல்லாம் கிடாவை அறுத்துப் பார்க்க வேண்டும், அல்லது அதன் குட்டிகளை வளர்த்து அறுத்துப் பார்க்க வேண்டும். அறுத்தபின் கிடா நல்லது என்று தெரிந்து என்ன பயன்? உயிரோடு வைத்தே அளந்தால், அளந்த கிடாவையே பொலிக்கு விடலாம். ஆஸ்திரேலியாவில் 1989-ல் தொடங்கிய 'லேம்ப்பிளான்' என்ற திட்டம் இப்படி அளந்த தசை, கொழுப்பு, எடை ஆகியவற்றை உறவுக் கிடாக்களின் விவரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு கிடாவுக்கும் ஒரு மதிப்பு தருகிறது. பிரிட்டனிலும் இவ்வகைத் திட்டம் உண்டு. அங்கே மீயொலியில் தேறிய கிடாக்களைக் கணினிக் குறுக்குவெட்டு ஸ்கேனில் மேலும் சோதிக்கும் வழக்கமும் உள்ளது. நம்மிடம் இவை சந்தைக்கும் சிற்றூருக்கும் வந்து சேரவில்லை.

கருவியை விலைக்கு வாங்க நினைக்க வேண்டாம். விலை லட்சக்கணக்கில் ஆகும் என்பது ஒருபுறம். கருவில் பெண் சிசுவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, பதிவு பெறாத இடத்துக்கோ ஆளுக்கோ மீயொலிக் கருவியை விற்கக் கூடாது. "ஆட்டுக்குத்தானே" என்று சொல்லி யாரேனும் பழைய கருவியை மலிவாகத் தர முன்வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சினை பார்க்க இக்கருவி உள்ளது. ஊரில் பத்துப்பேர் சேர்ந்து, ஆறு மாதக் கிடாக்குட்டிகளை ஒரே நாளில் காட்ட ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவர் வழியாகவோ, மாவட்டங்களிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் வழியாகவோ கேட்டுப் பாருங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். ஒரு குட்டிக்கு மட்டும் அளப்பதில் பொருளில்லை. பக்கத்தில் நிற்கும் சம வயதுக் குட்டியைவிட இதற்கு எவ்வளவு கூடுதல் என்பதுதான் செய்தி. பெட்டை ஆடுகளையும் ஓட்டிச் சென்றால் அதே கருவியில் சினையும் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி வரும்வரை கை

வியாபாரியின் கை செய்வதை 1961-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரிஸ் என்பவர் ஒரு முறையாக எழுதி வைத்தார். பிற நாடுகளிலும் அது பரவி, இன்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையாக நிலைத்துள்ளது. இதைக் கற்கச் செலவில்லை.

குட்டி இயல்பாக நிற்கும்போது, கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகில் உள்ளங்கையை வையுங்கள். நடுவில் மேல்நோக்கி நிற்கும் முள்ளெலும்பை விரலால் தடவுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்புகளின் நுனியைக் கட்டைவிரலால் தொடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் உள்ளதே நாம் தேடும் தசை. முள்ளெலும்பு கத்திமுனை போல் குத்தி, பக்க எலும்பின் நுனிக்கடியில் விரல் தடையின்றி நுழைந்தால் மதிப்பெண் 1, குட்டி மெலிந்தது. எலும்பு தெரிந்தாலும் முனை மழுங்கி, சிறிது அழுத்தினால்தான் விரல் நுழையும் என்றால் 2. எலும்பு உருண்டு வழவழப்பாகி, நன்கு அழுத்தினால்தான் நுனி தட்டுப்படும், தசை பள்ளத்தை நிரப்பிவிட்டது என்றால் 3. முள்ளெலும்பு அழுத்தினால் ஒரு கோடாக மட்டும் தட்டுப்பட்டு, பக்க எலும்பின் நுனி கைக்கு அகப்படாவிட்டால் 4. எதுவுமே தட்டுப்படாமல் நடுவில் குழி விழுந்திருந்தால் 5. நம் மேய்ச்சல் மந்தையில் இதைப் பார்ப்பது அரிது. விற்பனைக் குட்டி 3-ஐ எட்டினால் போதும். அதற்குமேல் தீனி போடுவதற்கு முன் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 2-ல் நிற்கும் குட்டியை அவசரப்பட்டு ஓட்டிச் செல்வதைவிட, குடற்புழு நீக்கி, கடலைக் கொடியும் வேலிமசாலும் கொடுத்து இன்னும் சில வாரம் வைத்திருக்கலாம். இந்த வயதில் ஏறுவது பெரும்பாலும் தசை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் புழுத்தொல்லையாலும் குளம்பழுகலாலும் மந்தையே அரை, ஒரு மதிப்பெண் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கிடா தேர்வு செய்யாதீர்கள்.

தராசு இல்லாதவர்கள் அங்குல நாடாவால் எடையைக் கணிக்கலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 26 அங்குலம், நீளம் 22 அங்குலம் என்றால் 26 × 26 × 22 = 14,872; இதை 660-ஆல் வகுக்க 22½ கிலோ. இரண்டொரு கிலோ முன்பின் இருக்கும். விடியற்காலை, தீனிக்கு முன் அளவெடுப்பது நல்லது.

ஒரு பழைய நோட்டில் குட்டியின் காதடையாள எண், பிறந்த நாள், ஒற்றையா இரட்டையா, தாய் எது, மூன்றாம் மாத எடை, ஆறாம் மாத எடை, முதுகு மதிப்பெண் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மீயொலியில் அளக்கும் வாய்ப்புக் கிடைக்கும் நாளில் முதலில் எட்டுக் குட்டியையும் நீங்களே தொட்டு வரிசைப்படுத்தி எழுதுங்கள். பிறகு கருவி சொல்லும் வரிசையைப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் குட்டியில் உங்கள் கை ஏமாந்தது என்பது அங்கே தெரியும். பெரும்பாலும் வயிறு பெருத்த குட்டியாகவோ, மயிர் அடர்ந்த குட்டியாகவோ இருக்கும். அந்தக் குட்டியை மறுபடி தொட்டுப் பாருங்கள். வரிசையில் முதலில் வந்த கிடா இரண்டின் காதில் அன்றே வேறு நிறக் குறி இட்டுவிடுங்கள். வியாபாரி வரும் நாளில் அவை பட்டியில் இல்லாமல் மேய்ச்சலில் இருக்கட்டும். இரண்டு ஆண்டு பொலிக்கு விட்டபின், தன் மகள்களோடு சேராதபடி, பக்கத்து ஊர்க்காரரின் தேர்ந்த கிடாவோடு மாற்றிக்கொள்ளலாம்.